எட்டு விளக்கும் எரிகிறது

உம்மாவின் கட்டில் தலைமாட்டுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சுவரில் ஒரு லேன் பாக்ஸ் இருக்கிறது. வெள்ளையாக வந்த பிளேட் பழுத்துத் தந்த நிறமாகிவிட்டது. அதிலிருந்து ஒரு குட்டை ஒயர் கிளம்பி ஸ்டூல்மேல் இருக்கும் வைஃபை பெட்டிக்குப் போகிறது. பெட்டியின் பின்புறம் கடுகளவு ஒரு பச்சை விளக்கு, எந்த நேரம் பார்த்தாலும் எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் பல மாதம் நான் நிம்மதியாக இருந்தேன். "அவன் பேசுறது விட்டு விட்டு வருதும்மா" என்று உம்மா சொல்லும்போதெல்லாம் குனிந்து பார்ப்பேன். எரியும். "நம்ம பக்கம் சரியாத்தான் இருக்கு உம்மா, அங்கேதான் ஏதோ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். துபாயில் என் அண்ணன், காக்காவும் தன் அறையில் எரியும் விளக்கைப் பார்த்துவிட்டு, ஊர்ப் பக்கம்தான் ஏதோ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஊரில் வாட்ஸ்அப் வழியாகப் பேச முடியாது, அதற்கென்று அனுமதித்த வேறு செயலி வேண்டும் என்பதால் பழியை ஏற்றுக்கொள்ள இன்னொரு இடமும் தயாராக இருந்தது. நாங்கள் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பழுது இப்போது தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகும் மனசு அந்தப் பெட்டியை விட்டு எழுந்து வரமாட்டேன் என்கிறது.

கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கென்று கட்டிக் கொடுப்பார்கள், மருமகன் அங்கே வந்து சேருவார். ஆனால் கட்டுகிற கை ஆணுடையது, அதுவும் பெரும்பாலும் கடலுக்கு அப்பாலிருந்து போனில் நீளும் கை. எங்கள் வீட்டின் முன்கட்டு உம்மாவுக்கு அவருடைய வாப்பா கொடுத்தது. பின்கட்டு 2011-ல் எனக்காக எழும்பியது. "எல்லா ரூமுக்கும் லேன் இழுத்துடுங்க, பின்னாடி சுவத்தை ஒடைக்க முடியாது" என்று காக்கா அங்கிருந்து சொன்னார். தெருவில் அப்படி ஒரு ஒயர் யார் வீட்டிலும் கிடையாது. காடி வெட்டி, பைப் பதித்து, சாம்பல் நிற ஒயரை உள்ளே விட்டு, முனைகளையெல்லாம் மாடிப்படிக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்து சேர்த்தார் எங்கள் ஒயர்மேன். எந்த ஒயர் எந்த அறைக்கு என்று யாரும் ஒரு தாளில் எழுதி வைக்கவில்லை. பூச்சு காய்ந்த பிறகு அந்தப் படம் அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. அவர் தம்மாமுக்கு விமானம் ஏறினபோது அதுவும் கூடவே ஏறிப் போயிற்று.

முன்கட்டுச் சுவர் வேறு சாதி. முருகைக்கல் என்கிற பவளப் பாறைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும். கோடையில் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்தால் மண்பானையின் குளிர்ச்சி இருக்கும், ஐப்பசியில் உப்புப் பூத்து உதிரும். எங்கள் ஊருக்கு எதிரே கடலில் ஏழு தீவு என்பது கணக்கு: வாலிமுனை, ஆனைப்பார், பூவரசன்பட்டி, அப்பா, தலையாரி, வாழை, முல்லி. இதில் பூவரசன்பட்டி இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. அந்தக் கடல் 1986-ல் தேசியப் பூங்கா ஆயிற்று, 2001-ல் பவளப் பாறைகளை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்கெல்லாம் முன்னால் எத்தனை தலைமுறை வெட்டி வந்த கல், எத்தனை வீட்டுச் சுவர். எங்கள் சுவரில் இருப்பது எந்தத் தீவின் முதுகு என்று நினைத்துக்கொண்டே சில ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன். வைஃபை அந்தச் சுவரைத் தாண்டாது. முழங்கால் வலி வந்து உம்மா மாடியை விட்டு முன்கட்டு அறைக்கே திரும்பி வந்தபோது, அங்கே ஏற்கனவே ஒரு லேன் பாக்ஸ் இருந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. எப்படி அங்கே வந்தது என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்.

என் அக்கா, லாத்தாவின் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். பெருநாள் லீவில் வந்தவன் டெஸ்டர் ஒன்று கொண்டுவந்தான். சோப்புக் கட்டி மாதிரி இரண்டு துண்டு. ஒன்றைத் தகரப் பெட்டியில் ஒயர் முனையில் மாட்டி, மற்றதை அறையில் மாட்டினால், ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்து வரும். உள்ளே ஓடுவது எட்டுக் கம்பி; எட்டும் அறுபடாமல் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் கருவி. நான் அறையில், அவன் படிக்குக் கீழே. முற்றத்தைத் தாண்டிச் சத்தம் போட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். "ஒண்ணு!" "வந்துடுச்சு!" "ரெண்டு!" "வந்துடுச்சு!" உம்மா கட்டிலில் உட்கார்ந்து தஸ்பீஹ் உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டும் எரிந்தது. "ஒயர்ல கொற இல்லை சாச்சி" என்றான். "எட்டும் எரிஞ்சா உம்மம்மா பேசுறது மாமாவுக்கு ஏன்டா விட்டு விட்டுப் போகுது?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்ற அவன் முகத்தில் நான் கண்டது என்னுடைய பழைய முகம்தான்.

பிளேட்டைக் கழற்ற அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டு திருகும் துருவில் உறைந்திருந்தன. தேங்காய் எண்ணெய் விட்டு, காத்திருந்து, திரும்ப முயன்று, கடைசியில் ஒன்று தலை நசுங்கித்தான் வெளியே வந்தது. உள்ளே ஒரு கைப்பிடி மணல், செத்த எறும்புகள், இரண்டு பல்லி முட்டை ஓடு. ஓட்டின் உட்புறம் சவ்வு போல ஒட்டியிருந்த வெள்ளை இன்னும் காயவில்லையோ என்று தோன்றியது. மற்ற அறைகளின் ஒயர் எல்லாம் சுவருக்குள் பைப்பில் போக, இந்த ஒன்று மட்டும் சுவரின் அடியோரமாகப் பிளாஸ்டிக் பட்டிக்குள் ஓடி வந்திருக்கிறது. பட்டிமேல் சுண்ணாம்பு அடித்திருந்ததால் இத்தனை வருஷம் கண்ணில் படவில்லை. ஜாக்கை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். நிறங்கள் அழகாக, ஜோடி ஜோடியாக இருந்தன. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு. வெள்ளைப் பச்சை, பச்சை. வெள்ளை நீலம், நீலம். வெள்ளை பிரவுன், பிரவுன். இவ்வளவு ஒழுங்காக ஒன்று இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? பையன் போனில் ஒரு படத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சாச்சி, இதுதான்" என்றான்.

இதை எனக்குப் புரியவைக்க அவனுக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. நானும் அதே நிதானத்தோடுதான் சொல்ல முடியும். இந்த ஒயருக்குள் கம்பிகள் தனித்தனியாகப் போவதில்லை, இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு போகின்றன. வெளியிலிருந்து வரும் இரைச்சல், பக்கத்து ஜோடியின் பேச்சு, மிக்ஸியின் அதிர்வு எல்லாம் முறுக்கிக்கொண்ட இரண்டின்மேலும் ஒரே அளவில் விழும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால், இரண்டிலும் ஒன்றாக விழுந்த இரைச்சல் கழிந்துபோகும். டெலிபோன் கண்ட கிரகாம் பெல் 1881-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. ஜாக்கில் இந்த ஜோடிகள் உட்காரும் வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. நடுவில் உள்ள நாலும் ஐந்தும் பழைய டெலிபோன் ஜோடிக்கு ஒதுக்கிய இடம். அதனால் இன்னொரு ஜோடி பிரிந்து, மூன்றிலும் ஆறிலும், டெலிபோனுக்கு இரண்டு பக்கமும் உட்கார வேண்டும். நிறத்தைப் பார்த்து ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டே போகிறவர் மூன்றில் பச்சை ஜோடியின் ஒரு கம்பியையும், ஆறில் நீல ஜோடியின் ஒரு கம்பியையும் வைத்துவிடுகிறார். இரண்டு முனையிலும் அதே வரிசையில் அடித்திருந்தால் எட்டும் போய்ச் சேரும், எட்டு விளக்கும் எரியும். ஆனால் ஒன்றாகப் பேச வேண்டிய இரண்டு கம்பியும் வழியெல்லாம் வேறு வேறு கம்பியோடு முறுக்கிக்கொண்டு வந்திருக்கின்றன. இரைச்சல் கழிவதில்லை. ஓர் அடி ஒயரில் ஒன்றும் தெரியாது; படிக்கட்டிலிருந்து முன்கட்டு வரை ஓடும் ஒயரில் பேச்சு உடைகிறது. இந்த மலிவு டெஸ்டரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கம்பி போய்ச் சேர்ந்ததா என்று கேட்கத்தான் அதற்குத் தெரியும், யாரோடு சேர்ந்து வந்தது என்று கேட்கத் தெரியாது.

அன்றைக்கே என் அறையின் பெட்டியையும் பார்த்தோம். அங்கே வரிசை சரி, ஆனால் ஏழாவது விளக்கு எரியவில்லை. வெள்ளை பிரவுன் கம்பி ஜாக்கின் கழுத்திலேயே முறிந்திருந்தது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. முறிந்த இடத்தைப் பிளேடால் கீறினால் உள்ளே வெள்ளை: அலுமினியத்துக்குமேல் செம்புப் பூச்சு. முழுச் செம்பு என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டு உலோகம் ஒட்டி நிற்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் ஒன்று மற்றதைத் தின்னும். அந்தக் கம்பி எப்போது முறிந்தது என்பதற்கு வீட்டில் சாட்சி யாரும் இல்லை. ஏனென்றால் நெட் நிற்கவில்லை. ஆயிரம் மெகாபிட்டில் ஓட நாலு ஜோடியும் வேண்டும், நூறுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கம்பி போனால் பல கருவிகள் தாமாகவே நூறுக்கு இறங்கி, ஒன்றும் சொல்லாமல் வேலையைத் தொடரும். பச்சைக்குப் பதில் ஆரஞ்சில் எரியும் ஒரு விளக்குதான் அடையாளம், அதுவும் அலமாரிக்குப் பின்னால். நூறு எனக்குப் போதும் என்பது உண்மை. நான் பார்க்கும் வீடியோவுக்கும், அனுப்பும் படத்துக்கும் அதில் ஒரு சின்னப் பங்குகூட வேண்டாம். அப்படியானால் என்ன நஷ்டம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்தில் ஒன்றாகக் குறைந்துபோன ஒன்றோடு வருஷக்கணக்கில் குடித்தனம் செய்திருக்கிறேன், ஒருநாளும் குறையாகத் தெரியவில்லை என்பதுதான் உறுத்துகிறது. பெரிய கேபிள் அறுந்தால் உலகத்துக்கே தெரியும். 2008 ஜனவரி 30-ல் அலெக்ஸாந்திரியா பக்கம் கடலுக்கடியில் அறுந்தபோதும், 2025 செப்டம்பரில் செங்கடலில் அறுந்தபோதும் பேப்பரில் வந்தது, காக்கா போனில் சொன்னார், தெருவில் பேசிக்கொண்டார்கள். என் அறையில் முறிந்த முடியளவு கம்பிக்கு யார் சொல்லி அனுப்புவார்கள்?

எங்கள் கரையில் உப்பு செய்யும் வேலையைத் தனியாக உட்கார்ந்து ஆராய்கிறவர்களே இருக்கிறார்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் ஒரு நிலையம் உண்டு. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திவைத்து, எந்தத் தகடு எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பார்கள். பாம்பன் பாலம் 1914-ல் திறந்தது. 1964 டிசம்பர் புயலையே தாண்டிச் சில மாதத்தில் எழுந்து நின்ற அந்தப் பாலத்தில், 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியது துரு. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும்வரை ரயில் மண்டபத்தோடு நின்றது. புயலின் தேதி எல்லாருக்கும் நினைவிருக்கிறது. துரு எந்தத் தேதியில் தொடங்கியது என்று எந்தக் குறிப்பேட்டிலும் எழுத முடியாது. பாலத்துக்காவது தட்டிப் பார்க்கவும் பெயின்ட் அடிக்கவும் ஆள் இருந்தார்கள்.

இந்த வரிசைக் குழப்பத்தைப் பற்றி யோசிக்கும்போது உம்மாவின் பீரோவில் இருக்கும் ஒரு புத்தகம் ஞாபகத்துக்கு வருகிறது. உம்மாவின் உம்மா ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபு. எங்கள் ஊர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியவர்கள் எழுதிய எழுத்து அது: தமிழ்ப் பேச்சு, அரபு எழுத்து, வலமிருந்து இடம். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக எழுத்துக்குக் கீழும் மேலும் கூடுதல் புள்ளி. எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழும் தெரியும். இரண்டும் தெரிந்தும் அந்தப் பக்கத்தில் ஒரு வரியைக் கடக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆகிறது. ஒவ்வோர் எழுத்தும் கண்ணுக்குத் தெரிகிறது, ஒவ்வோர் ஒலியும் வாய்க்கு வருகிறது, சேர்ந்து ஒரு சொல்லாக நின்று பேச மறுக்கிறது. உம்மம்மா மடியில் வைத்துத் தாலாட்டு மாதிரி ஓடவிட்டதைக் கேட்டு வளர்ந்த உம்மாவுக்கே இப்போது பாதிதான் வருகிறது. அந்த முனையில் வரிசை சரியாகத்தான் இருக்கிறது. மாறிப்போனது எங்கள் முனை. நாங்கள் பள்ளிக்கூடம் போனதற்காக யாரையும் குறைசொல்ல முடியாது. என்றாலும் அந்தக் கிதாபைத் தூசி தட்டித் திரும்ப வைக்கும்போதெல்லாம், அழைத்தவருக்குப் பதில் சொல்லாமல் நகர்ந்த மாதிரி இருக்கிறது.

பையன் இன்னொன்றும் சொன்னான். ஒயரில் யாரும் எதுவும் அனுப்பாத நேரத்திலும் இரண்டு முனையும் சும்மா இருப்பதில்லையாம். இணைப்பு ஏற்படும் முன்பே, 16 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, வினாடிக்கு ஏறக்குறைய 60 தடவை, ஒன்றையொன்று மெல்லத் தட்டி இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். முத்துக் குளித்த காலத்தில், மூழ்குகிறவரின் கயிற்றை மேலே படகில் மைத்துனர்தான் பிடித்திருப்பார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தன் அக்கா தங்கையின் புருஷன் அல்லவா, கவனம் சிதறாது என்று. கயிறு கையில் இருக்கிறது என்பது போதாது, அதன் இழுப்பு மாறுவதைக் கை உணர வேண்டும். காக்கா துபாய் போன புதிதில் கேஸட்டில் பேசி அனுப்புவார். அதில் ஒரு இருமல் கூடுதலாக இருந்தால் உம்மா கண்டுபிடித்துவிடுவார்கள். கேஸட் வர மூன்று வாரம் ஆகும், ஆனாலும் கயிறு கையில் உயிரோடு இருந்தது. இப்போது தினமும் முகம் பார்க்கிறோம். முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும்போது, நிற்பது நெட்டா அவரா என்று உம்மாவுக்குத் தெரியவில்லை. "பேச்சை முழுங்குறான், ஏதோ மறைக்கிறான்" என்று ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்கள். ஒயர் முழுங்கியதை மகன் முழுங்கியதாக எண்ணி எத்தனை ராத்திரி படுத்திருப்பார்களோ. கேட்காத துணுக்கைத் திரும்ப அனுப்பு என்று கேட்க மிஷினுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். உம்மா கேட்கவில்லை. அவர்களிடம் நானும் கேட்கவில்லை, விளக்கைத்தான் பார்த்தேன்.

சரிசெய்வது பத்து நிமிஷ வேலை. இரண்டு முனையையும் வெட்டிவிட்டுப் புது ஜாக்கில் திரும்ப அடித்தோம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். முறுக்கை அரை அங்குலத்துக்குமேல் பிரிக்காதே என்று பையன் என் கையைப் பிடித்துக் காட்டினான். பஞ்சிங் டூலை அழுத்தியபோது டக்கென்று எழும் ஒலியும், உள்ளங்கையில் ஓர் உதையும். முனைக்கு எட்டு தடவை. "எந்த அரைவேக்காடு பண்ணின வேலைடா இது" என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையை இன்றைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. பழைய ஜாக்கை, ஒயர்த் துண்டு ஒட்டியபடியே, தொதல் வந்த தகர டப்பாவில் போட்டு வைத்தேன். பையன் காலேஜில் காட்ட வேண்டும் என்றான். இரவு காக்கா கூப்பிட்டார். முகம் உடையவில்லை. உம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "தாடியெல்லாம் நரைச்சுப் போச்சே வாப்பா, எப்போ?" என்று கேட்டார்கள். காக்கா சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவே அவர் கண்ணைத் துடைத்ததும் தெளிவாகத் தெரிந்தது.

ஒயர்மேனுக்கு ஒரு படம் அனுப்பி, ஒன்பது ஒயரில் எந்த ஒயர் எந்த அறைக்கு என்று ஞாபகம் இருக்கிறதா, எல்லாவற்றிலும் பேர் எழுதி ஒட்ட வேண்டும் என்று கேட்டிருந்தேன். மூன்று நாள் கழித்துக் குரல் பதிவு வந்தது. பின்னால் ஏதோ கிரேன் சத்தம். "ஒம்பதா? எட்டுதான் லாத்தா நான் இழுத்தேன், எல்லாம் பின்கட்டுல. முன்கட்டுச் சுவத்துல காடி வெட்டக் கூடாதுன்னு உங்க வாப்பா சொல்லிட்டாங்க. மிச்ச ஒயரு ஒரு கட்டும், ரெண்டு ஜாக்கும் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. பஞ்சிங் டூலு ரெண்டு நாள் அவங்ககிட்டதான் இருந்துச்சு. நான் பண்ணித் தர்றேன் மாமான்னேன். வேணாம், மகன்கிட்ட பேசுற ஒயரு, நானே போட்டுக்கிறேன்னாங்க." வாப்பா மௌத்தாகி ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஒயரைப் போட்டது கண்ணில் புரை விழுந்திருந்த காலம், சன்னல் பக்கம் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார்கள். டப்பாவைத் திறந்து அந்த ஜாக்கை வெளியே எடுத்தேன். வெட்டின துண்டு இரண்டு அங்குலம் இருக்கும். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் நீலம், பிரவுனுக்குப் பக்கத்தில் பிரவுன். ஒரு நூல்கூடப் பிசகாமல் உட்கார்ந்திருந்தன.